ஓட்டை போடாத மருந்துப் பெட்டி

1. முதல் நாள்

நான் அந்த அலுவலகத்தில் சேர்ந்த காலை இத்தாலியின் பலேர்மோவில் சிரோக்கோ வீசிக்கொண்டிருந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து கடலைத் தாண்டி வரும் சூட்டுக் காற்று அது. வானம், கடல், சுவர் எல்லாம் ஒரே மஞ்சள். மூன்றாம் மாடி யன்னலால் பார்த்தபோது நாப்போலிக்குப் போகும் கப்பல் தண்ணீரில் மிதப்பதாகவே தெரியவில்லை. ஒரு மாடிவீடு மெல்ல எழுந்து தூசிக்குள் நடந்து போவது போல இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றதில் அவ்வொகாத்தோ சொன்ன முதல் இரண்டு வசனங்களைத் தவறவிட்டேன். அவ்வொகாத்தோ என்றால் வழக்கறிஞர். இலங்கையிலிருந்து வந்த எங்கள் ஆட்கள் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவர் பேசியது இத்தாலியன். இங்கே எங்கள் பேச்சில் எழுதுகிறேன்.

"உனக்கு வாசிக்கத் தெரியும்தானே?"

"தெரியும்."

"எழுத?"

"தெரியும்."

"அப்ப காதிலைதான் பிழை. திரும்பச் சொல்லுறன், கேள்."

வேலை இதுதான். காரில் அடிபட்டவர்கள், பஸ்ஸில் விழுந்தவர்கள் எங்களிடம் வருவார்கள். அடித்தவரின் இன்சூரன்ஸ் நட்டஈடு தரவேண்டும். அதற்கு ஒரு வருடமும் ஆகும், மூன்று வருடமும் ஆகும். புண் அவ்வளவு நாள் காத்திருக்காது. அதனால் அவ்வொகாத்தோ மருந்துக் கடைக்கு ஒரு கடிதம் கொடுப்பார்: இவருக்கு வேண்டிய மருந்தை இப்போது கொடுங்கள், கேஸ் முடிந்து காசு வந்தால் முதலில் உங்களுக்கு, பிறகுதான் எங்களுக்கும் அவருக்கும். எங்கள் ஆட்கள் அதற்கு வைத்த பெயர் மருந்துக் கடிதம். கடிதத்தைக் கொண்டுபோய் மருந்தை வாங்கி ஆளிடம் சேர்ப்பது என் வேலை. ஆள் தமிழராக இருந்தால் கதைப்பதும் நானே.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான். அப்பா சங்கு குளித்தவர், கையெழுத்துக்குப் பெருவிரல்தான் வைப்பார். அதனாலோ என்னவோ, ஒரு விஷயத்தைத் தாளில் எழுதி முத்திரை குத்திவிட்டால் அது நடந்து முடிந்துவிட்டது என்று நம்பும் பழக்கம் எனக்கு இருந்தது. இப்போது இந்த வேலைக்கு வருகிற தம்பி தங்கைகளிடமும் அதைக் காண்கிறேன். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

2. அருளம்மா அக்கா

அருளம்மா அக்கா மன்னார்ப் பக்கம். ஒரேத்தோப் பகுதியில் ஒரு சிஞ்ஞோராவின், அதாவது இத்தாலிய அம்மாவின், வீட்டில் துப்புரவு வேலை. மரக்கறிப் பையோடு வீதியைக் கடக்கும்போது ஒரு கார் இடித்துவிட்டுப் போனது. பின்னால் வந்தவர் கார் இலக்கத்தை எழுதி வைத்திருந்ததால் கேஸ் போட முடிந்தது. முழங்காலுக்குக் கீழே எலும்பில் சின்ன வெடிப்பு, அதன் மேலே தோல் கிழிந்து நீளமாகத் தையல். அவ்வளவு மோசமில்லை என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஆனால் அக்காவின் பெர்மெஸ்ஸோ, அதாவது இங்கே தங்கும் அனுமதி, முடிந்திருந்தது. புதியது குவெஸ்தூராவில் பொலிஸ்காரர் மேசையில் கிடந்தது. அது வரும் வரை அரசாங்க மருத்துவப் புத்தகம் இல்லை, புத்தகம் இல்லாமல் இலவச மருந்தும் இல்லை. ஆகவே மருந்துக் கடிதம்.

கடிதத்தை ஏற்கும் மருந்துக் கடை ஒரேத்தோவில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதன் சொந்தக்காரி வெள்ளை முடியைக் கட்டையாக வெட்டிய ஒரு பெண். டொக்டரம்மா என்ற மரியாதையில் எல்லோரும் தொத்தொரெஸ்ஸா என்பார்கள். என்னைப் பிச்சொத்தோ என்று கூப்பிடுவார், சிசிலியில் பெடியன் என்று அர்த்தம். புண்ணுக்கான அன்டிபயோட்டிக் குளிசையை வாரத்துக்கு ஒரு பெட்டியாகத் தருவார். தரும்போது பெட்டியின் பக்கத்தில் வெட்டுக்கோடு போட்டிருக்கும் ஒரு சின்னத் துண்டை நகத்தால் பெயர்த்து எங்கள் கடிதத்தில் ஒட்டுவார். இன்ன மருந்து கொடுத்தேன் என்பதற்கு இந்த நாட்டில் அதுதான் சாட்சி. இன்சூரன்ஸ்காரர் பிற்பாடு பார்ப்பதும் அந்தத் துண்டுகளைத்தான். பெயர்த்த இடத்தில் பெட்டியில் ஒரு ஓட்டை இருக்கும்.

அக்கா சீசா என்ற பகுதியில் நான்காம் மாடியில் ஒரு அறையில் இருந்தா. முதல் பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது குளிசையைப் பார்க்கவில்லை, பெட்டியைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தா.

"தம்பி, இதென்ன ஓட்டை?"

"அது இஞ்சத்தை வழக்கம் அக்கா. அந்தத் துண்டைக் கழட்டிக் கடிதத்திலை ஒட்டுவினம்."

"ஓட்டை போடாமல் வேண்டித் தரேலாதே?"

"மருந்து உள்ளைதானே இருக்கு. பெட்டியையே சாப்பிடப் போறியள்?"

"ஒருக்காக் கேட்டுப் பார், ராசா."

அதே அறையில் இருந்த யாழ்ப்பாணத்துத் தவமணி அக்கா அடுப்படியில் நின்று சிரித்தா. "மாப்பிள்ளை பாக்கிற மாதிரியெல்லோ பெட்டியைப் பாக்கிறா. முகத்திலை ஒரு வடு இருந்தாலும் இவவுக்கு வேண்டாம்."

ஏன் என்று நான் அருளம்மா அக்காவிடம் கேட்டிருக்க வேண்டும். நான்கு எழுத்துக்கூட இல்லாத கேள்வி. கேட்கவில்லை. யன்னலுக்கு வெளியே பெல்லெக்ரீனோ மலை புகையில் எழுதி அழித்தது போல இருந்தது. கீழே மூன்று சக்கர வண்டியில் ஒருவர் ஒலிபெருக்கியில் ரொட்டி விற்றுக்கொண்டு போனார். அந்தக் குரல் வெயிலில் இழுபட்டுத் தேவாரம் போல ஏறி வந்தது. அந்த மாதங்களில் நான் பாதிக் கனவில்தான் நடந்தேன். புது ஊர், புது மொழி, சட்டைப்பையில் முத்திரை குத்திய கடிதம். எல்லாம் எனக்குப் புரிந்துவிட்டதாக ஒரு மயக்கம்.

அடுத்த வாரம் தொத்தொரெஸ்ஸாவிடம் கேட்டேன், "அந்தத் துண்டைப் பெயர்க்காமல் தர முடியுமா?"

"ஏன்?"

தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. வாயில் வந்ததைச் சொன்னேன்: "எங்கடை ஆக்களிட்டை ஒரு வழக்கம். உடைஞ்ச பெட்டியிலை வாற மருந்து பலிக்காது எண்டு நம்புவினம்."

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "என்ரை மாமியும் இப்பிடித்தான். வெள்ளிக்கிழமையிலை ஊசி போட விடமாட்டா." பிறகு பெட்டியை முழுசாகத் தந்துவிட்டு, பெட்டியின் இலக்கத்தைக் கடிதத்தில் பேனையால் எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான் என் சாமர்த்தியத்தை நினைத்துப் பூரித்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஒரு முழு இனத்தின் தலையில் இல்லாத வழக்கம் ஒன்றைக் கட்டிவிட்டோம் என்பது உறைக்கவில்லை.

அக்கா அந்தப் பெட்டியை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டா. "நீ நல்லா இருப்பாய், தம்பி."

3. நான்கு பெட்டி

புண் ஆறவில்லை. டொக்டர் இன்னும் இரண்டு பெட்டி எழுதினார். அவற்றையும் ஓட்டை இல்லாமலே வாங்கிக் கொடுத்தேன். கடிதத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. ஒரு பெட்டிக்குத் துண்டு, மூன்று பெட்டிக்குக் கையெழுத்து. இன்சூரன்ஸின் டொக்டர் அக்காவைப் பார்ப்பதற்கு நாளும் குறித்தாகிவிட்டது. அதைச் சொல்லிவிட்டு வர ஒரு நாள் காலை சீசாவுக்குப் போனேன்.

கதவைத் திறந்த தவமணி அக்கா அன்று சிரிக்கவில்லை.

"ரெண்டு நாளாக் காய்ச்சல். ஆரோடையோ கதைக்கிறா. நான் இல்லை, நீயும் இல்லை."

அருளம்மா அக்கா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தா. யன்னலின் மரச் சட்டக் கதவுகளின் இடுக்கால் வெயில் கோடு கோடாக அவவுக்கு மேல் விழுந்து கிடந்தது. அறை தண்ணீருக்கு அடியில் இருப்பது போல மெல்ல ஆடியது. அல்லது எனக்கு அப்படித் தோன்றியது. "திரேசா, காலை நனைக்காதை," என்று தெளிவாகச் சொன்னா. பிறகு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "தம்பியே? பெட்டி கொண்டந்தனியோ?" என்றா.

தவமணி அக்கா போர்வையை விலக்கினா. அன்றுதான் முதல்முறையாக அந்தக் காலைப் பார்த்தேன். ஒன்றரை மாதமாக அந்தக் காலின் கடிதங்களைத்தான் பார்த்திருந்தேன். தையலைச் சுற்றி வீங்கிச் சிவந்து, நடுவில் சீழ் கட்டி, கணுக்கால் வரை மினுமினுத்தது.

"அக்கா, குளிசை முழுக்கப் போட்டனீங்களோ?"

தவமணி அக்கா கட்டிலுக்குக் கீழிருந்து நத்தார் கேக் வரும் தகரப் பேணி ஒன்றை இழுத்துத் திறந்தா. சவர்க்காரம், இரண்டு சட்டைத்துணி, அவற்றின் நடுவில் நான் வாங்கிக் கொடுத்த நான்காவது பெட்டி. உடைக்கப்படவே இல்லை. மேலே தமிழில் பெயர் எழுதி ஒட்டியிருந்தது: திரேசா.

"தங்கச்சி," என்றா அருளம்மா அக்கா. "ஷெல் துண்டு பட்டு அவளுக்கும் கால்தான். மடுப் பக்கம் அகதிக் கொட்டிலிலை கிடக்கிறாள். அங்கை ஆமிக்காரர் இந்த மருந்தை உள்ளை விடுறாங்கள் இல்லை, தம்பி. கொழும்புக்குப் போற ஆள் கொண்டுபோய் ஃபாதரிட்டைக் குடுத்தால் எப்பிடியும் சேரும். ஓட்டைப் பெட்டியெண்டால் வழியிலை பழைய மருந்தெண்டு எறிஞ்சுபோடுவாங்கள். ரெண்டாவது பெட்டியும் அப்பிடித்தான் போனது."

"அப்ப உங்கடை கால்?"

"எனக்கு ஒண்டு, அவளுக்கு ஒண்டு. ரெண்டு பேருக்கும் கால்தானே. அரைவாசி அரைவாசியா எண்டாலும் ஆறாதே?"

அவ அதைக் கணக்குச் சரியாக வந்த பிள்ளை போலச் சொன்னா.

4. தொத்தொரெஸ்ஸா

தவமணி அக்காவும் நானும் அருளம்மா அக்காவை நான்கு மாடி இறக்கி அவசர சிகிச்சைக்குக் கொண்டுபோனோம். டொக்டர் புண்ணைக் கீறிக் கழுவினார். குளிசை இனி உதவாது, ஊசி, தினமும், பத்து நாள் என்றார். இன்னும் மூன்று நாள் பிந்தியிருந்தால் எலும்புக்குள் இறங்கியிருக்கும், பிறகு காலைப் பற்றிக் கதைக்க ஒன்றும் இருந்திராது என்றார். அதை நான் அக்காவுக்கு மொழிபெயர்க்கவில்லை. அவவுக்குப் புரிந்திருந்தது.

ஊசி மருந்துக்கு மறுபடி அதே கடை. ஒரு மணியாகியிருந்தது. தொத்தொரெஸ்ஸா மதிய ஓய்வுக்காக உருளைக் கதவைப் பாதி இறக்கிவிட்டிருந்தார். நான் குனிந்து உள்ளே போனேன். ஒரேத்தோ முழுவதும் தூங்கிக்கொண்டிருந்தது. கடைக்குள் மருந்து வாசமும் அரை இருட்டும். பொய்யைச் சொன்ன அதே இடத்தில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அப்ப உடைஞ்ச பெட்டி மருந்து பலிக்காது எண்டது?"

"பொய்."

"ஆர் சொன்னது?"

"நான்தான் உண்டாக்கினனான். ஏன் கேக்கிறா எண்டு எனக்குத் தெரியாது. தெரியாதெண்டு சொல்ல வெக்கம்."

"நான் அதை என்ரை மாமியிட்டையும் சொல்லிப்போட்டன், பிச்சொத்தோ. அவ இப்ப உடைஞ்ச பெட்டி வேண்டாம் எண்டு நிக்கிறா." முகத்தில் சிரிப்பு இல்லை. "மூண்டு பெட்டிக்கு என்ரை கையெழுத்து. அடிபட்ட காலுக்குத்தான் போனது எண்டு நான் சாட்சி சொல்லியிருக்கிறன். இனி உங்கடை ஆக்களின்ரை கடிதத்தை ஏன் நான் ஏற்கவேணும்?"

எங்கள் ஆட்கள் ஏழெட்டுப் பேர் அந்தக் கடையின் நம்பிக்கையில் மருந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். கடைசியில் அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. ஊசிப் பெட்டிகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றாக எடுத்து, நகத்தை ஆழமாக விட்டுத் துண்டுகளைக் கிழித்தார். பத்து நாளுக்கும் பத்துக் கிழிசல்.

"இனி எல்லாத்திலையும் ஓட்டை. மேல்மாடியிலை ஒரு பழைய நேர்ஸ் இருக்கிறா. உன்ரை அக்கா தினமும் இஞ்சை வந்து அவவிட்டை ஊசி போடட்டும். உடம்புக்குள்ளை போன மருந்தைத் தபாலிலை அனுப்பேலாதுதானே." பிறகு கதவின் பக்கம் கை காட்டினார். "இன்சூரன்ஸ் டொக்டருக்கு என்ன சொல்லப் போறாய் எண்டு யோசி. இப்ப எனக்குச் சொன்னதையோ, மாமி நம்பின கதையையோ?"

5. மொழிபெயர்ப்பு

அவ்வொகாத்தோவுக்கு அன்றே சொன்னேன். அவர் சுருட்டை வாயிலிருந்து எடுத்தார்.

"சொல்லாதை. அவ எல்லாத்தையும் சாப்பிட்டவ. துண்டுகள் கை தவறிப் போச்சு. விளங்குதோ? அரை மருந்துதான் எடுத்தவ எண்டு தெரிஞ்சால், புண் பழுத்தது அவவின்ரை பிழை எண்டு சொல்லிக் கேஸைப் பாதியா வெட்டுவாங்கள்."

அக்கா தினமும் ஊசி போட்டு, காய்ச்சல் விட்டு, குறித்த நாளில் தடியூன்றி என்னோடு வந்தா. இன்சூரன்ஸ் டொக்டர் மெலிந்த மனிதர், பேச்சு குறைவு. காலைப் பார்த்தார். கடிதங்களைப் பார்த்தார். விரல் பேனை எழுத்தில் நின்றது.

"இந்த மூன்று பெட்டிக்கும் ஏன் துண்டு இல்லை? கேளுங்கள். மருந்தை முழுதாக எடுத்தாரா?"

நான் அக்காவிடம் கேட்டேன். அக்கா என்னைப் பார்க்காமல் அவரைப் பார்த்தே சொன்னா:

"ரெண்டு எடுத்தனான் ஐயா. ரெண்டு தங்கச்சிக்கு. ஒண்டு ஊருக்குப் போயிட்டுது, மற்றது இதிலை இருக்கு." கைப்பையிலிருந்து நான்காவது பெட்டியை எடுத்து மேசையில் வைத்தா. அதைக் கொண்டு வந்தது எனக்கே தெரியாது.

மேலே விசிறி தூசியைச் சுற்றிக்கொண்டிருந்தது. துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஊதியது. அந்த ஊதல் முடியும் வரைக்கும் எனக்கு நேரம் இருந்தது. அவ சொன்னது அந்த அறையில் எனக்கு மட்டும்தான் விளங்கும். நான் எதைச் சொன்னாலும் அதுதான் அவ சொன்னதாகும். அவ்வளவு பெரிய அதிகாரத்தை எங்கள் வீட்டில் யாரும் அதுவரை கையில் வைத்திருந்ததில்லை. ஊதல் நின்றது. அவ சொன்னதை அப்படியே சொன்னேன். எந்தெந்தப் பெட்டி தங்கச்சிக்கு என்பதையும், ஓட்டை போடாமல் வாங்கியது நான் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

டொக்டர் பேனையைக் கீழே வைத்தார். "அனுப்பிய மருந்து அங்கே போய்ச் சேர்ந்ததா?"

"தெரியாது ஐயா," என்றா அக்கா. "ரெண்டு மாசமாக் கடிதம் இல்லை."

அவர் பேனையை எடுத்து எங்கள் பட்டியலில் இரண்டாவது, நான்காவது பெட்டிகளுக்கு மேல் கோடு இழுத்தார். "இவை விபத்தைச் சேர்ந்தவை அல்ல," என்றார். பிறகு பேனையின் முனையால் அந்தப் பெட்டியை மேசை மேல் மெல்லத் தள்ளி அக்காவின் பக்கம் விட்டார்.

கேஸ் பாதியாக வெட்டுப்பட்டது. அவ்வொகாத்தோ ஒரு கிழமை என்னோடு பேசவில்லை. பேசியபோது, "நீ மொழிபெயர்ப்பாளனோ, இல்லாட்டிப் பாவசங்கீர்த்தனம் கேக்கிற சாமியோ?" என்றார். ஆனால் வேலையை விட்டு நிறுத்தவில்லை. தொத்தொரெஸ்ஸா எங்கள் கடிதங்களைத் தொடர்ந்து ஏற்றார் என்பது காரணமாக இருக்கலாம். கோடு இழுத்த இரண்டு பெட்டிகளையும் அவர் தன் கடன் பட்டியலிலிருந்தும் வெட்டிவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "டொக்டர் சொன்னது சரி. அது வேறை கால்," என்றார்.

6. பதில்

அக்காவின் கால் ஆறியது. நீளமான தழும்பு ஒன்று, மழைக் காலத்தில் கொஞ்சம் நொண்டல். பெர்மெஸ்ஸோவும் வந்தது. நான்காவது பெட்டி கொழும்பு போகும் ஒருவரின் பைக்குள் போனது.

அதற்கும் வெகுநாள் பிறகு அக்கா தடியில்லாமல் மூன்று மாடி ஏறி எங்கள் அலுவலகத்துக்கு வந்தா. கையில் திரேசாவின் கடிதம். கண்ணாடி கொண்டுவரவில்லை, நீ வாசி என்றா. ஏற்கெனவே பலமுறை வாசித்த கடிதம் என்று மடிப்புகளைப் பார்த்தாலே தெரிந்தது.

இரண்டு பெட்டியும் வந்து சேர்ந்தன என்று எழுதியிருந்தாள். முத்திரை உடையாமல் வந்ததாம். தன் கால் ஆறிவிட்டதாம். அதன் கீழே இருந்ததை அக்காவுக்குக் கேட்க மெல்ல வாசித்தேன்: "பக்கத்துக் கொட்டிலிலை ஒரு பெடிச்சிக்குக் கையிலை புண். முதல் பெட்டியிலை அரைவாசி அவளுக்குக் குடுத்திட்டன். எனக்கு உடனை ஆறேல்லை. ரெண்டாவது வந்தாப் பிறகுதான் ரெண்டு பேருக்கும் ஆறினது. ஏசாதை."

அக்கா யன்னலால் துறைமுகத்தைப் பார்த்தா. அன்று காற்றில் தூசி இல்லை. கப்பல் கப்பலாகவே தெரிந்தது.

"விசரி," என்றா. "பாதி மருந்து பலிக்காதெண்டு அவளுக்குத் தெரியாதே?" சொல்லிவிட்டு என்னைப் பார்த்தா. பிறகு இருவரும் சிரித்தோம். அவவின் சிரிப்பு நடுவில் அழுகையாகி, மறுபடி சிரிப்பானது.

இப்போது மருந்துக் கடிதம் எழுதும் முன் நான் காலைப் பார்ப்பேன், கையைப் பார்ப்பேன், எங்கே அடிபட்டதோ அதைப் பார்ப்பேன். பிறகு ஒரு கேள்வி கேட்பேன். அது எந்தப் படிவத்திலும் இல்லை. போன மாதம் ஸ்கூட்டரிலிருந்து விழுந்த ஒரு அண்ணனிடமும் கேட்டேன்.

"அண்ணை, இந்த மருந்து ஊரிலை ஆருக்கும் தேவையோ?"

அவர் தன் கட்டுப்போட்ட தோளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"உனக்கு ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. கேக்கிறன்."

"தம்பிக்கு," என்றார்.

"சரி. இந்தப் பெட்டி உங்கடை தோளுக்கு. இதிலை ஓட்டை இருக்கும், முழுக்க நீங்கள்தான் போடவேணும். தம்பியின்ரை பெயரையும் வருத்தத்தையும் இதிலை எழுதுங்கோ. அதுக்கு வேறை பெட்டி பாப்பம்."

அவருக்கு எழுத வராது என்றார். நான் எழுதினேன்.